பிரஷர் வாஷர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

குமரி மாவட்டத்தில் பிரஷர் வாஷருக்கு ஓய்வு குறைவு. ஆனி, ஆடிச் சாரலில் மதிலில் பிடித்த பாசி காய்ந்து கறுப்பதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் நிழலும் ஈரமும்; குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று. சுவரைக் கெடுக்கிற அதே காற்றும் தண்ணீரும்தான் மெஷினையும் கெடுக்கின்றன.

மெஷின் சரியாக வேலை செய்யவில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது பம்ப்பில். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. நாசில் (தண்ணீர் பீய்ச்சும் முனை), தண்ணீர், காற்று, ஒயர் என்ற நான்கையும் பார்த்து முடிக்காமல் ஸ்பானரை எடுத்தால், நன்றாக இருந்த பம்ப்பைப் பிரித்துக் கெடுத்ததுதான் மிச்சம்.

கீழே வரும் கணக்குகள் சிங்கிள் பேஸ், 3 எச்பி, நிமிடத்துக்கு 11 லிட்டர், 100 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மெஷினுக்கானவை. உங்களுடையது வேறு என்றால் பெயர்ப்பலகையில் உள்ள லிட்டர், பார் அளவுகளை வைத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எதைக் கழற்றும் முன்பும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடி, கையில் பிடிக்கும் கன்னின் விசையை ஒருமுறை அழுத்தி ஹோஸில் நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மோட்டார் நின்றுவிட்டது என்பதால் ஹோஸ் காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீரும் வருகிறது, வேகம் மட்டும் இல்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். 20 லிட்டர் வாளியில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து, உறிஞ்சு குழாயை அதில் விடுங்கள். நாசில் மாட்டிய கன்னைத் திறந்து சரியாக 1 நிமிடம் ஓட்டி, எத்தனை லிட்டர் குறைந்தது என்று பாருங்கள். 11 லிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் பம்ப்பில் குறை இல்லை, நாசில் தேய்ந்திருக்கிறது. 7, 8 லிட்டர்தான் போயிருக்கிறது என்றால் தண்ணீர் வரத்து, காற்று, அன்லோடர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, கன்னை மூடியதும் தண்ணீரைத் திருப்பிவிடும் பாகம்), வால்வு, சீல் ஆகியவற்றை இதே வரிசையில் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

முதலில் நாசில். அதன் மேல் 2505 என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கம் விசிறியின் கோணம், 25 டிகிரி. கடைசி இரண்டு துளையின் அளவு எண். 11 லிட்டர், 100 பார் மெஷினுக்கு 05 பொருந்தும். துளை தேய்ந்து 06 அளவுக்குப் போனால் அழுத்தம் 100 பாரிலிருந்து 70 பாருக்குக் கீழே இறங்கிவிடும். அழுத்தம் துளை அளவின் வர்க்கத்துக்கு எதிராகப் போவதால், கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்கூடக் கையில் தெரியும். நாசில் மலிவான பொருள். சந்தேகம் வந்தால் புதியதை மாட்டிப் பார்ப்பதே சோதனை.

நாசில் தேய்வதற்குக் காரணம் மணல். அதிலும் மணவாளக்குறிச்சி முதல் மிடாலம் வரையுள்ள கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை; இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் அதில் இருக்கிறது. தொழிற்சாலைகளில் நீர்த்தாரையால் இரும்பை அறுக்கும்போது தண்ணீரோடு கலந்து விடுகிற தூள் அதே கார்னெட்தான். உறிஞ்சு குழாயைக் கழற்றி மணல் தரையில் போட்டுவிட்டு அப்படியே எடுத்து மாட்டினால், அறுப்புத் தூளைப் பம்ப்புக்கு ஊட்டியதாக ஆகும். மாட்டுவதற்கு முன் முனையைக் கழுவுங்கள்.

அடுத்தது தண்ணீர் வரத்து. மெஷின் குடிக்கும் அளவைப் போல ஒன்றரை மடங்கு குழாயில் வர வேண்டும். 20 லிட்டர் வாளி 70 வினாடிக்குள் நிரம்ப வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாயில் இறங்கும் தண்ணீர் பெரும்பாலும் போதாது. தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.3 பார். அத்தகைய வீடுகளில் 200 லிட்டர் டிரம்மை முதலில் நிரப்பி, அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த முக்கால் அல்லது ஒரு அங்குல ஹோஸால் எடுப்பது நல்லது. செடிக்கு ஊற்றும் சாதா ஹோஸ் உறிஞ்சும்போது சப்பிப்போய்த் தானே அடைத்துக்கொள்ளும். கிணற்றுக்குள் குழாயை விட்டு நேரடியாக இழுக்கும் வேலை வேண்டாம். இந்தப் பம்ப்புகள் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் இழுக்கத் திணறும். கோடையில் கிணற்று நீர் கலங்கலாக வரும்போது டிரம்மில் அரை மணி நேரம் தெளியவிட்டு, குழாயின் முனையை அடியிலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். ஃபில்டரை தினமும் கழுவ வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் வேகம் கூடுகிறதே என்று சிலர் அதைக் கழற்றி எறிவார்கள். ஒரு வாரத்தில் வால்வு பதில் சொல்லும்.

காற்று நுழைந்தால் தண்ணீர் பால்போல வெளுத்து வரும், பம்ப்பில் கடகடவென்று சத்தம் கேட்கும். உறிஞ்சும் பக்கத்துக் கசிவில் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் சோப்பு நுரை போட்டுப் பார்த்தால் தெரியாது. மெஷின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஈரத்துணியைச் சுற்றிப் பிடியுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் வாசரோ ஓ-ரிங்கோ போயிருக்கிறது. கிளிப்பை இறுக்கி, திருகில் டெஃப்லான் டேப் சுற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் லிட்டர் குறைவாக இருந்தால் அன்லோடர். அதன் திருகைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அழுத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் உள்ளே பிஸ்டன் உப்புப் பூத்து ஒட்டியிருக்கும், அல்லது வால்வு உட்காரும் இடமான சீட்டில் மணல் சேர்ந்திருக்கும். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, ஓ-ரிங்குகளை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும். இன்னொன்று: நாசில் தேய்ந்ததால் குறைந்த வேகத்தை அன்லோடரை முறுக்கிச் சரிக்கட்டாதீர்கள். பிறகு யாராவது புது நாசில் போட்ட அன்று அழுத்தம் எல்லை தாண்டி எகிறும். ஹோஸ் வெடிக்கும், இல்லாவிட்டால் மோட்டார் ட்ரிப் ஆகும்.

கன் கையில் குதிக்கிறது, ஹோஸ் துள்ளுகிறது

மூன்று பிளஞ்சர் (தண்ணீரை இழுத்துத் தள்ளும் தண்டு) உள்ள பம்ப்பில் ஆறு வால்வுகள் இருக்கும், இழுக்க மூன்று, தள்ள மூன்று. அதில் ஒன்று சரியாக மூடாவிட்டால் மூன்றில் ஒரு தள்ளல் வீணாகும். அதுதான் கையில் துடிப்பாகத் தெரிகிறது. காற்றுக் கசிவும் இதே மாதிரி துடிக்க வைக்கும் என்பதால் ஈரத்துணிச் சோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

வால்வு மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தக் குழியிலிருந்து வந்தது என்று வரிசையாகத் துணியில் வையுங்கள். ஸ்பிரிங் முறிந்ததா, வால்வு தகட்டில் கோடு விழுந்ததா, சீட்டில் சிறு கல் சிக்கியதா என்று பாருங்கள். ரப்பர் பட்டையின் துண்டோ, டெஃப்லான் டேப்பின் கிழிசலோ சிக்கியிருப்பதும் உண்டு. டேப்பைத் திருகின் முதல் புரியை விட்டுவிட்டுச் சுற்றினால் இது நேராது. பித்தளைத் தலையில் மூடியைப் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள், புரி போனால் தலையையே மாற்ற வேண்டிவரும்.

ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, ஓடவில்லை; அல்லது ட்ரிப் ஆகிறது

முதல் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் ஒயர். இந்த மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து மடங்கு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 30 மீட்டர் போனால் ஓடும்போது 15 வோல்ட் இழப்பு. கிளம்பும்போது 75 வோல்ட்டுக்கு மேல். மின்கம்பி வரிசையின் கடைசி வீடு, ஏற்கெனவே 200 வோல்ட் என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது எழும்புவதற்குக்கூடப் போதாது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் வையுங்கள். ஒயரைச் சுருளிலிருந்து முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருளோடு ஓட்டினால் உள்சுற்று சூடாகி உருகும். ஒயர் நீளத்தைக் கூட்டுவதைவிட ஹோஸ் நீளத்தைக் கூட்டுவது எப்போதும் மேல்.

ஸ்விட்ச் போடும்போது கன்னை அழுத்திப் பிடித்திருங்கள். அழுத்தம் தேங்கிய பம்ப்பை எடுத்த எடுப்பில் சுழற்ற மோட்டாரால் ஆகாது.

ஒயர் சரியாக இருந்தும் உறுமினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பம்ப் இறுகியிருக்கிறது. மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரோடு கிடந்த மெஷினுக்கு இது வழக்கம். தாராளமாகச் சுற்றினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சரைப் பாருங்கள்: வயிறு உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். பல்பு வழியாக இறக்கிய பின்தான் தொட வேண்டும்.

மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி தட்டினால், பிளக்கிலோ மோட்டாரின் டெர்மினல் பெட்டியிலோ ஈரம் இறங்கியிருக்கிறது. ஆர்சிசிபியைத் தாண்டி நேரடி லைன் கொடுத்துப் பார்ப்பது, ஈரத்தில் நின்று வேலை செய்கிறவனின் உயிரை வைத்து ஆடும் விளையாட்டு.

கன்னை விட்டபிறகும் தானாக ஓடி ஓடி நிற்கிறது

கன்னை விட்டதும் மோட்டார் தானே நிற்கும் ஆட்டோ ஸ்டாப் மெஷின்களில் மட்டும் இது வரும். எங்கோ அழுத்தம் கசிகிறது. கன்னின் முனையில் சொட்டுகிறதா, ஹோஸ் இணைப்பில் ஓ-ரிங் போனதா என்று பார்த்து, இரண்டும் சரி என்றால் அன்லோடரில் உள்ள செக் வால்வைச் சுத்தம் செய்யுங்கள்.

ஆட்டோ ஸ்டாப் இல்லாத மெஷினில் கன்னை மூடிவிட்டு டீ குடிக்கப் போவது வேறு வகைக் கேடு. அதே தண்ணீர் பம்ப்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். 60 டிகிரியைத் தாண்டினால் சீல் கெடத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் மூடி வைப்பதாக இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். சூடேறிய பம்ப்பில் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் செராமிக் பிளஞ்சர் விரிசல் விடவும் செய்யும்.

எண்ணெய் பால் டீ நிறத்தில் இருக்கிறது

தண்ணீர் கலந்துவிட்டது. தண்ணீர்ப் பக்கத்துச் சீல் தேய்ந்து, கசிவு எண்ணெய்ச் சீலையும் கடந்து உள்ளே போயிருக்கிறது. சீல்களை மூன்றும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டுக்காக அடுத்த மாதம் மறுபடியும் பிரிக்க வேண்டிவரும். பிளஞ்சரை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது சீலையும் அது அறுத்துவிடும். எண்ணெய் எது என்பதைப் பம்ப்பின் கையேட்டில் உள்ளபடி ஊற்றுங்கள். புதுப் பம்ப்பில் முதல் 50 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 500 மணிக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். மழைக்காலத்தில் வெட்டவெளியில் கிடக்கும் மெஷினுக்கு அதற்கு முன்பே மாற்றலாம்.

பம்ப்பின் அடியில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ச் சீல், எண்ணெய் சொட்டினால் எண்ணெய்ச் சீல்.

சோப்பை இழுக்கவில்லை

சோப்புக்கான கறுப்பு நாசில் போட்டீர்களா? பம்ப்புக்குப் பின்னால், சோப்பை உறிஞ்சிக் கலக்கும் இன்ஜெக்டர் வைத்த மெஷின்கள் அழுத்தம் குறைந்தால்தான் சோப்பை இழுக்கும். நாசில் சரி என்றால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் சிறு உருண்டை காய்ந்த சோப்பில் ஒட்டியிருக்கும்; வெந்நீரில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

இனி மெஷின் நன்றாக இருந்தும் வேலை கெடும் இடங்கள்.

முற்றத்தில் வரிவரியாகத் தெரிகிறது

இன்டர்லாக் கல்லிலும் சிமென்ட் தளத்திலும் கன்னால் கழுவினால், கை ஏறி இறங்குவதற்கு ஏற்ப வரி விழும். நனைந்திருக்கும்போது தெரியாது, காய்ந்த பிறகு வீட்டுக்காரர் போன் செய்வார். இதற்குச் சரியான கருவி சுழலும் சர்ஃபேஸ் கிளீனர். 11 லிட்டர் மெஷினுக்கு 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதில் இரண்டு நாசில் இருப்பதால் 05-ஐ இரண்டாகப் பிரித்து 025 இரண்டு போட வேண்டும். தெரியாமல் 05 இரண்டு மாட்டினால் அழுத்தம் கால்வாசி ஆகிவிடும். கருவி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவீர்கள்.

ஏற்கெனவே விழுந்த வரி பாசி மிச்சம் என்றால், அரை சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், திரவ பிளீச்) தெளித்துக் கழுவ மறையும். சிமென்ட் தோல் உரிந்து மணல் தெரிகிறது என்றால் அது காயம், மறையாது. சிவப்பு நாசிலை, அதாவது பூஜ்ய டிகிரியை, தளத்தில் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். கல்லுக்கு இடையே மணல் வெளியேறிவிட்டால், இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு சலித்த மெல்லிய மணலைத் தூவித் துடைப்பத்தால் தள்ளி நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் கல் ஆடத் தொடங்கும்.

ஒரே மாதத்தில் பாசி திரும்ப வருகிறது

அழுத்தம் பாசியின் மேற்பகுதியைத்தான் வெட்டுகிறது. துளைக்குள் இருப்பது உயிரோடு இருக்கும். முதலில் கொல்ல வேண்டும், பிறகுதான் கழுவ வேண்டும். 12 சதவீத ஹைப்போ 1 லிட்டருக்கு 11 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப்பால் கீழிருந்து மேலாகத் தெளித்து, காயவிடாமல் 10 முதல் 15 நிமிடம் வைத்து, 40 டிகிரி வெள்ளை நாசிலால் மென்மையாகக் கழுவுங்கள். ஹைப்போ வெயிலில் வலுவிழக்கும்; பல மாதம் கிடந்த கேனில் 12 சதவீதம் இருக்காது. பிளீச்சிங் பவுடரும் வேலை செய்யும், ஆனால் சுண்ணாம்புப் படிவை விட்டுச் செல்லும்.

கேனில் ஆசிட் இருந்த மணம் வந்தாலே அதில் ஹைப்போ ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அடைத்த குளியலறையில் அது ஆளைக் கொல்லும். செடிகளை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் நனையுங்கள். நம் ஊர் வீடுகளில் கிணறு மதிலுக்கு அருகிலேயே இருக்கும். கழிவுநீர் ஓடும் திசையைப் பார்த்து, தேவையானால் மண்ணால் வரப்புக் கட்டித் திருப்பிவிடுங்கள். குளத்திலும் ஓடையிலும் விட்டால் மீன் சாகும்.

வெட்டுக்கல் என்கிற செம்புரைக்கல் மதிலில் 60 பாருக்கு மேல் வேண்டாம். அந்தக் கல்லே அரித்து வந்துவிடும். மஞ்சளாக ஓடும் தண்ணீரைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் அடிப்பார்கள்.

கழுவிய சுவரில் ஒரு வாரம் கழித்து வெள்ளைப் பூப்பு

செங்கல், சிமென்டுக்குள் இருந்த உப்பு, நீங்கள் ஊற்றிய தண்ணீரில் கரைந்து, காயும்போது வெளியே வந்து பூத்திருக்கிறது. மறுபடி பிரஷர் வாஷர் போட்டால் மறுபடி பூக்கும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, சுவர் நன்றாக உலர்ந்த பிறகே பெயிண்ட். கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையைப் பராமரிக்கும்போதும், காகிதக்கூழை ஒட்டி உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதன் பிறகே பாதுகாப்பு ரசாயனம் பூசுகிறார்கள்.

ஓட்டுக் கூரையைக் கழுவியதும் வீட்டுக்குள் ஒழுகுகிறது

கீழிருந்து மேல்நோக்கி அடித்திருப்பார்கள். ஓடுகள் மேலிருந்து கீழாகத்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தாரையும் முகட்டிலிருந்து இறவாணத்தை நோக்கியே போக வேண்டும். பழைய ஓட்டில் 40 டிகிரி நாசில், ஒன்றரை அடி தூரம். காலை ஓட்டின் நடுவில் வைக்காதீர்கள், கழுக்கோல் இருக்கும் இடம் பார்த்து ஏணியைக் கிடத்தி அதன்மேல் நடங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை என்றால் வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். தாரை பட்டால் நார் பிரிந்து பறக்கும், கழிவுநீரோடு முற்றத்தில் படிந்து காய்ந்து மறுபடி பறக்கும். அந்த நார் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய்க்கு வழி.

வண்டியில் பெயிண்ட் உரிகிறது, படகில் ஜெல்கோட் சிதைகிறது

வண்டிக்கு 40 டிகிரி, ஒரு அடிக்குக் குறையாத தூரம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த இடம் ஒன்றிருந்தால் தாரை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். தொடங்குவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். பைக்கில் சக்கர பேரிங், செயின் பக்கம் நேராக அடித்தால் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே குடியேறும். கடற்கரைப் போக்குவரத்து வண்டியின் அடிப்பாகத்தில் உப்பை எடுப்பது அழுத்தம் இல்லை, தண்ணீரின் அளவு. குறைந்த வேகத்தில் நிறைய நல்ல தண்ணீர் விடுங்கள்.

ஃபைபர் படகின் அடியில் ஒட்டிய சிப்பியை, கரையேற்றிய உடனே, ஈரம் காயும் முன் அடிக்க வேண்டும். ஒரு நாள் வெயில் பட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பிறகு 15 டிகிரி மஞ்சள் நாசிலைக் கிட்டே வைத்துத் தோண்டுவார்கள், சிப்பியோடு ஜெல்கோட் என்கிற மேற்பூச்சும் வரும். காய்ந்துவிட்டால் ஈரச்சாக்கு போட்டு ஊறவைத்து, மரச்செதுக்கியால் தட்டிவிட்டு, 25 டிகிரி பச்சை நாசிலால் முடியுங்கள். கடற்கரை வேலை முடிந்த அன்றே மெஷினில் நல்ல தண்ணீரை இரண்டு நிமிடம் ஓட்டி, வெளிப்புறத்தையும் துடைத்துவிட வேண்டும்.

கையில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி

ஹோஸில் கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடும்போதும், நாசிலை விளையாட்டாகக் கையருகே கொண்டுபோகும்போதும் நடப்பது. தாரை தோலைத் துளைத்து உள்ளே பரவியிருக்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கத் தொடங்கும். மருந்து போட்டுக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கோ போய், உயர் அழுத்தத் தண்ணீர் தோலுக்குள் பாய்ந்தது, இன்ன ரசாயனம் கலந்திருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிறு காயம் என்று தையல் போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஹோஸ் கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டை அதன் மேல் நகர்த்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் அட்டை நனைந்து கிழியும்.